வாரண்டி முடியாத காருக்கு என்ஜின் ஆயில்: எதைப் பார்த்து வாங்குவது, எதைப் பத்திரப்படுத்துவது

என் காரை மூன்றாவது சர்வீஸுக்கு விட்டிருந்தேன். சாயங்காலம் வண்டி எடுக்கப் போனபோது பில்லில் ஆயில் கிரேடு 5டபிள்யூ-30 என்று இருந்தது. மேனுவலில் இருப்பதோ 0டபிள்யூ-20. அந்த என்ஜினுக்கு வேறு கிரேடுக்கு அதில் இடமே இல்லை. சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டேன். "நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான் சார் நல்லது. எல்லா வண்டிக்கும் இதைத்தான் ஊத்துறோம்" என்றார். "சரி தம்பி, அதையே ஜாப் கார்டில், அதான் வண்டிக்குச் செய்த வேலையைக் குறிக்கும் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்துவிடுங்கள்" என்றேன். உள்ளே போனவர் பத்து நிமிஷம் கழித்து வந்தார். ஊற்றியதை வடித்துவிட்டு, மேனுவலில் உள்ள ஆயிலையே ஊற்றித் தருகிறோம் என்றார்.

அந்தப் பையன் சொன்னது முழுப் பொய் என்று நான் நினைக்கவில்லை. 5டபிள்யூ-30 ஊற்றியதால் என் என்ஜின் மறுநாளே படுத்திருக்காது. ஆனால் எழுதித் தரக் கேட்டதும் பின்வாங்கினார் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. வாரண்டி ஓடும்வரை நீங்கள் தேட வேண்டியது உலகத்திலேயே சிறந்த ஆயிலை இல்லை. நாளைக்கு என்ஜினில் ஏதாவது நடந்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கேள்வி கேட்க இடம் கொடுக்காத ஆயிலை. கீழே வருவதெல்லாம் அதற்கான வழிதான். பெரும்பாலும் தமிழ்நாட்டில் கார் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: மேனுவலில் அந்த ஒரு பக்கம்

டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் மேனுவலை வெளியே எடுங்கள். தொலைந்துவிட்டதென்றால் பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே பிடிஎஃப் ஆக வைத்திருக்கின்றன. என்ஜின் ஆயில் பற்றிய தகவல் இரண்டு இடத்தில் வரும்: பராமரிப்புப் பகுதியில் ஒரு தடவை, கடைசியில் உள்ள அளவுகள், கொள்ளளவுகள் அட்டவணையில் ஒரு தடவை. இரண்டையும் பாருங்கள்.

குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று. ஒன்று, கிரேடு, அதாவது 0டபிள்யூ-20 மாதிரி வரும் எண். இரண்டு, தரக் குறியீடு, அதாவது ஏபிஐ எஸ்பி, இல்சாக் ஜிஎஃப்-6, ஏசிஇஏ சி3 மாதிரி வருவது. மூன்று, ஃபில்டர் மாற்றும்போது எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது. பாதிப் பேர் முதல் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டால் முதலாவதைச் சரியாகப் பிடித்தும் பெரிய பயனில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் என்ஜினுக்கான வரியைத்தான் பார்க்கிறீர்களா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஹூண்டாய் வென்யூவை எடுத்துக்கொண்டால் ஒரே பெயரில் 1.2 லிட்டர் பெட்ரோல், 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 1.5 லிட்டர் டீசல் என்று மூன்று என்ஜின்கள் விற்றிருக்கின்றன. ஒரு வண்டிக்காரர் "வென்யூவுக்கு நான் இதுதான் ஊற்றுகிறேன்" என்று சொல்வதை வைத்து இன்னொரு வென்யூக்காரர் ஆயில் வாங்க முடியாது.

சில மேனுவல்களில் ஒரு வெப்பநிலைப் படம் இருக்கும். இந்த வெப்பநிலை முதல் இந்த வெப்பநிலை வரை இந்தக் கிரேடு என்று கோடு போட்டு இரண்டு மூன்று கிரேடுகளைக் காட்டியிருப்பார்கள். அப்படி இருந்தால் அவற்றில் எதை ஊற்றினாலும் நீங்கள் விதிக்குள்தான் இருக்கிறீர்கள். "பரிந்துரைக்கப்பட்டது" என்று ஒன்றும், "கிடைக்காவிட்டால் இதைப் பயன்படுத்தலாம்" என்று இன்னொன்றும் தனித்தனியாக இருந்தால் அந்த வித்தியாசத்தை மதியுங்கள். டொயோட்டா அமெரிக்காவில் விற்கும் சில கார்களின் மேனுவலில் இது தெளிவாகவே இருக்கும்: 0டபிள்யூ-16 கிடைக்காவிட்டால் 0டபிள்யூ-20 ஊற்றலாம், ஆனால் அடுத்த முறை மாற்றும்போது 0டபிள்யூ-16க்குத் திரும்பிவிட வேண்டும் என்று. அவசரத்துக்குக் கொடுத்த சலுகையை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

அந்தப் பக்கங்களை இப்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டர் கவுன்டரில் நின்றுகொண்டு 400 பக்க மேனுவலைப் புரட்டுவது நடக்காத காரியம்.

படி 2: எண்ணைப் புரிந்துகொள்வது, வெயில் வாதத்தைத் தாண்டுவது

0டபிள்யூ-20 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த முறை இது. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் என்ஜின் சுற்ற அந்த ஆயில் எவ்வளவு வழி விடுகிறது என்பதைச் சொல்கிறது. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30லும், 15டபிள்யூவை மைனஸ் 20லும் சோதிக்கிறார்கள். ஊட்டியில் புல் மேல் உறைபனி படியும் ஜனவரிக் காலையில்கூட நமக்கு அந்தக் குளிர் வராது. அதற்காக முன் எண் நமக்கு உதவாது என்று ஆகிவிடாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் என்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் இறங்கிக் கிடக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது மேலே ஏறி எல்லா இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும். 40 டிகிரியில் ஒரு 0டபிள்யூ-20 ஆயிலின் பாகுநிலை சுமார் 45 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும் (இந்த எண் கூடினால் ஆயில் தடிமன்). 15டபிள்யூ-40 என்றால் 100ஐத் தாண்டும். எது சீக்கிரம் ஏறும் என்று சொல்லத் தேவையில்லை.

பின்னால் வரும் எண் சூடான நிலைக்கானது. 100 டிகிரியில் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருந்தால் அது 20. 9.3 முதல் 12.5 வரை 30. 12.5 முதல் 16.3 வரை 40.

இப்போது அந்த வெயில் வாதம். "வேலூரில் 42 டிகிரி அடிக்கிறது, தண்ணி மாதிரி ஆயில் ஊற்றினால் என்ஜின் என்ன ஆகும்?" என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகளே கேட்பார்கள். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஊற்றியே பல வருஷம் வண்டி ஓட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தச் சந்தேகத்தில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் ஓடிச் சூடான என்ஜினுக்குள் ஆயிலின் வெப்பம் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரி வரை இருக்கும். அதைக் கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும். வெளியே கொடைக்கானலா வேலூரா என்பது உள்ளே அவ்வளவாகத் தெரியாது. அந்த 100 டிகிரியில் எந்தத் தடிமன் வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பேரிங் இடைவெளியையும் ஆயில் பம்ப்பையும் வடிவமைக்கிறார்கள். வால்வு நேரத்தை மாற்றும் அமைப்புகள் ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகின்றன. சிறிய துவாரங்கள் வழியாக ஆயில் சரியான வேகத்தில் போய் வர வேண்டும்.

சரி, மெல்லிய ஆயிலை ஏன் கொண்டுவந்தார்கள்? மைலேஜுக்காக. ஒளிக்க ஒன்றுமில்லை. 2017 ஏப்ரலில் இந்தியாவில் கார் நிறுவனங்களுக்கு எரிபொருள் சிக்கன விதி வந்தது, 2022இல் அது மேலும் இறுகியது. உராய்வு குறைய ஆயில் மெலிந்தது. இதே மாதிரி என்ஜினுக்கு வேறு நாட்டு மேனுவலில் 5டபிள்யூ-30ஐயும் அனுமதித்திருப்பார்கள் என்று யாராவது காட்டினால், அது உண்மையாகவும் இருக்கலாம். என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், வாரண்டி முடிந்த பிறகு இதைப் பற்றி ஒரு டீ குடித்துக்கொண்டே விவாதிக்கலாம். அதுவரை உங்கள் கையில் உள்ள மேனுவல் எதை அச்சிட்டிருக்கிறதோ அதுதான்.

படி 3: எழுத்துகளைப் படிப்பது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆயிலில் அதிகத் தவறு நடப்பது இங்கேதான்.

ஏபிஐ என்பது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் குறியீடு. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020 மே மாதம், எஸ்க்யூ 2025 மார்ச்சில். எழுத்து வரிசையில் பின்னால் வருவது புதியது; முன்னால் உள்ளது கேட்கப்பட்ட இடத்தில் புதியதை ஊற்றலாம், புதியது கேட்ட இடத்தில் பழையதை ஊற்றக் கூடாது. மேனுவலில் எஸ்என் என்று இருந்தால் எஸ்பி டின் வாங்குவதில் பிரச்சினை இல்லை. இல்சாக் ஜிஎஃப்-5, ஜிஎஃப்-6, ஜிஎஃப்-7 ஆகியவை இதோடு கூடவே வரும் எரிபொருள் சிக்கனக் குறியீடுகள். ஜிஎஃப்-6இல் பி என்பது 0டபிள்யூ-16க்கு மட்டுமானது, ஏ மற்றவற்றுக்கு.

சின்ன டர்போ பெட்ரோல் என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு எஸ்பி என்ற இரண்டு எழுத்து வெறும் அலங்காரம் இல்லை. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் டர்போ என்ஜின்களில், குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடியது. ஆயிலில் அழுக்கு நீக்கச் சேர்க்கும் கால்சியம் கலவைகள் அதிகமானால் இந்தக் கோளாறு கூடுகிறது என்று கண்டுபிடித்து, கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைச் சேர்த்துக் கலவையை மாற்றினார்கள். 2018இல் எஸ்என் பிளஸ் வந்தது இதற்காகத்தான். எஸ்பியில் இந்தச் சோதனையோடு டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் சேர்ந்தது. கடையில் பழைய சரக்காகக் கிடக்கும் எஸ்எம் டின்னைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று சொன்னால் டர்போக்காரர்கள் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

ஏசிஇஏ என்பது ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர்களின் குறியீடு. ஏ3/பி4, சி2, சி3, சி5 என்று வரும். நமக்கு இது முக்கியமாவது டீசலில்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்தபோது டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி ஏறியது. கரித்துகளை அது பிடித்து வைத்து, அவ்வப்போது சுமார் 600 டிகிரி வரை சூடேற்றி எரித்துவிடும். கரி எரியும். ஆனால் ஆயிலிலிருந்து வரும் உலோகச் சாம்பல் எரியாது, அப்படியே தங்கிவிடும். அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள். சி3 ஆயிலில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏ3/பி4 வகையில் அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை இருக்கலாம். இரண்டு டின்னிலும் முகப்பில் பெரிதாக 5டபிள்யூ-30 என்றுதான் போட்டிருக்கும். எண் ஒன்று, ஆயில் வேறு. முதல் எண்ணோடு நிறுத்தாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். டிபிஎஃப் மாற்றும் செலவைக் கேட்டால், ஆயிலில் மிச்சம் பிடித்த ஐந்நூறு ரூபாய் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

சில ஐரோப்பிய நிறுவனங்கள் இதோடு நிற்காமல் தங்களுக்கென்று சொந்தக் குறியீடு வைத்திருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் 508 00, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04, மெர்சிடிஸ் 229.51 மாதிரி. (ஃபோக்ஸ்வாகனின் 508 00 ஆயிலுக்குப் பச்சை நிறம் சேர்த்திருக்கிறார்கள், வேறு ஆயில் என்று பார்த்ததுமே தெரிய வேண்டுமாம்.) உங்கள் மேனுவல் இப்படி ஒரு எண்ணைக் கேட்டால், டின்னின் பின்பக்கத்தில் அதே எண் இருக்க வேண்டும். இங்கே ஒரு வார்த்தை ஜாலம் உண்டு. "அங்கீகாரம் பெற்றது" என்றால் கார் நிறுவனம் அந்த ஆயிலைச் சோதித்து ஒப்புதல் கொடுத்திருக்கிறது. "தேவைகளைப் பூர்த்தி செய்கிறது", "ஏற்றது" என்றால் ஆயில் நிறுவனம் தானே சொல்லிக்கொள்கிறது. பின்னது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் வாரண்டிக் காலத்தில் முன்னதைத் தேர்ந்தெடுங்கள்.

"ஃபுல்லி சிந்தெட்டிக்" என்ற பெரிய எழுத்துக்கு அதிக மரியாதை கொடுக்க வேண்டாம். 1999இல் அமெரிக்காவில் காஸ்ட்ரால் மீது மொபில் கொண்டுவந்த விளம்பரப் புகாரில், கச்சா எண்ணெயிலிருந்தே கடுமையாகச் சுத்திகரித்து எடுத்ததையும் சிந்தெட்டிக் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது. அதிலிருந்து அந்தச் சொல் ஒரு அளவுகோலாக இல்லாமல் போயிற்று. 0டபிள்யூ கிரேடு என்றாலே எப்படியும் சிந்தெட்டிக் வகைதான்.

படி 4: எங்கே மாற்றுவது

வாரண்டி இருக்கும்வரை குறித்த நாளில் வரும் சர்வீஸை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரிலேயே செய்துவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் அவர்களே ஊற்றிய ஆயிலைப் பற்றி அவர்களே குறை சொல்ல முடியாது.

வெளியே செய்தால் வாரண்டி மொத்தமும் போய்விடும் என்று மிரட்டுவதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்து ஓர் உத்தரவு போட்டது. வெளி மெக்கானிக்கிடம் போனதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை வைக்கக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது அதில் ஒரு பகுதி. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு வருஷக்கணக்கில் நீண்டது. உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இது உதவும். ஆனால் ஒரு ஆயில் மாற்றத்துக்காக அந்த நியாயத்தை நிரூபிக்க ஏன் அலைய வேண்டும் என்பது என் கேள்வி.

சில ஊர்களில் ஆயிலை நாமே வாங்கிக் கொடுத்தால் சர்வீஸ் சென்டரில் ஊற்றித் தருகிறார்கள், சில இடங்களில் மறுக்கிறார்கள். ஊற்றித் தருவதாக இருந்தால் பிராண்டு, கிரேடு, தரக் குறியீடு மூன்றும் ஜாப் கார்டில் ஏற வேண்டும். "கஸ்டமர் ஆயில்" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். அந்த இரண்டு சொல், நாளைக்கு உங்களுக்கு எதிராகவே படிக்கப்படும்.

படி 5: வெளியே வாங்கினால் டின்னைப் பார்ப்பது

டாப்-அப் செய்யவோ இடையில் மாற்றவோ நீங்களே வாங்க நேரும். சென்னையில் ஜி.பி. ரோட்டில் கிடைக்காத டின் இல்லை. ஆனால் தெரு முழுக்கக் கிடைக்கிறது என்பதாலேயே ஆயில் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரா என்று கேட்டுப் பாருங்கள்.

மூடியின் சீல், பேட்ச் எண், தயாரித்த தேதி, சுரண்டிப் பார்க்கும் குறியீடு அல்லது க்யூஆர் இருந்தால் அது. இவற்றைக் கடையிலேயே சரிபாருங்கள். ஏபிஐ உரிமம் பெற்ற ஆயில் டின்னில் வட்டமான ஒரு முத்திரை இருக்கும்: மேல் வளைவில் எஸ்பி மாதிரியான தரம், நடுவில் கிரேடு. ஜிஎஸ்டி பில் வாங்கி அதில் உங்கள் வண்டி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் சலித்துக்கொள்வார். பரவாயில்லை.

டிரம்மிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். சர்வீஸ் சென்டர்களிலும் டிரம்மிலிருந்துதான் ஊற்றுவார்கள், ஆனால் அங்கே பில் அவர்கள் பெயரில் இருக்கிறது. பைக் ஆயிலைக் காருக்கு ஊற்றாதீர்கள். அது கிளட்ச்சும் அதே ஆயிலில் மூழ்கியிருக்கும் வண்டிகளுக்குச் செய்தது. ஊற்றி முடித்த காலி டின்னை முழுசாகப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். கத்தியால் கிழித்துவிட்டுப் போடுங்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு மிகவும் தேவைப்படுவது அசல் டின்தான்.

படி 6: சர்வீஸ் கவுன்டரில்

வண்டி விடும்போதே ஜாப் கார்டில் கிரேடையும் தரத்தையும் எழுதச் சொல்லுங்கள். "என்ஜின் ஆயில் 3.5 லிட்டர்" என்று மட்டும் இருந்தால் போதாது. பில்லில் வரும் அளவை மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஆயில் ஃபில்டரும் ஆயில் வடிக்கும் திருகின் (டிரெயின் போல்ட்) வாஷரும் பில்லில் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இலவச சர்வீஸ் என்றாலும் கூலிதான் இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் உண்டு.

அட்வைசர் கடைசியில் ஒரு பட்டியல் நீட்டுவார். என்ஜின் ஃப்ளஷ், ஆயிலில் கலக்கும் திரவம், கார்பன் நீக்கம். புது என்ஜினில் கழுவி எடுக்க என்ன அழுக்கு சேர்ந்திருக்கும்? பல மேனுவல்களில் ஆயிலோடு எதையும் கலக்க வேண்டாம் என்றே இருக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டி, "வேண்டாம் சார்" என்று சொல்லிவிடலாம். அதிகம் வாதாட மாட்டார்கள்.

முதல் 1,000 கி.மீ.யில் ஆயில் மாற்றியே ஆக வேண்டும் என்பது பழைய காலத்து வழக்கம். இப்போது பெரும்பாலான கார்களில் அந்த முதல் சர்வீஸ் வெறும் பரிசோதனைதான். ஹோண்டா மாதிரி சிலர், தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலை அதன் காலம்வரை விட்டுவைக்கத்தான் சொல்கிறார்கள்.

படி 7: தேதி, கிலோமீட்டர்

ஆயில் ரகத்தால் வாரண்டி மறுக்கப்படுவதைவிட, சர்வீஸைத் தள்ளிப்போட்டு மாட்டிக்கொள்வது சுலபம். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முன்னால் வருகிறதோ அது. வீட்டில் நிற்கும் வண்டி வருஷத்துக்கு 3,000 கி.மீ. ஓடியிருந்தாலும் வருஷம் முடிந்தால் ஆயில் மாற்ற வேண்டும். "ஓடவே இல்லையே சார்" என்பது வாரண்டி மேசையில் எடுபடாது. சொல்லப்போனால் தினமும் இரண்டு கிலோமீட்டர் காய்கறிக் கடைக்கு மட்டும் போய் வரும் வண்டியின் ஆயில்தான் அதிகம் கெடுகிறது. என்ஜின் முழுசாகச் சூடாவதில்லை, உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லை.

மேனுவலில் "கடுமையான பயன்பாடு" என்று தனி அட்டவணை இருக்கும். குறுகிய தூரம், தூசி, நின்று நின்று ஊரும் போக்குவரத்து. பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் ஆபீஸ் போகிறவர் தன் ஓட்டத்தை எந்த அட்டவணையில் வைப்பது என்று தானே யோசித்துக்கொள்ளலாம். அட்டவணைக்கு முன்பே மாற்றினால் கெடுதி ஒன்றும் இல்லை. ஆனால் இடையில் வெளியே மாற்றிவிட்டேன், அதனால் கம்பெனி சர்வீஸ் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

படி 8: சர்வீஸுக்கு நடுவில் டிப்ஸ்டிக்

மாதம் ஒரு முறை, சமதரையில், என்ஜினை நிறுத்தி ஐந்து பத்து நிமிஷம் கழித்து ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் இருந்தால் போதும். இரண்டு குறிகளுக்கும் இடையே பல கார்களில் ஒரு லிட்டர் அளவு வித்தியாசம் இருக்கும். ஒரேயடியாக ஊற்றிவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள். மேல் குறியைத் தாண்டினால் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை எதையும் காப்பாற்றாது.

டீசல்காரர்கள் கவனிக்க வேண்டியது ஆயில் குறைவதை மட்டும் இல்லை, கூடுவதையும். டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்ய ஆரம்பித்துப் பாதியில் நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டால், அதற்காகத் தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். ஊருக்குள்ளேயே ஓடும் டீசல் வண்டியில் ஆயில் மட்டம் மேல் குறிக்கு மேலே ஏறியிருந்தால், உள்ளே டீசல் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அதைப் படம் எடுத்துக்கொண்டு நேரே சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

ஆயில் கொஞ்சம் குறைவதற்கெல்லாம் வாரண்டியில் என்ஜினைப் பிரிக்க மாட்டார்கள். டொயோட்டா மேனுவல்களில் 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்று போட்டிருக்கும். எவ்வளவு ஊற்றினீர்கள், எத்தனையாவது கிலோமீட்டரில் ஊற்றினீர்கள் என்று எழுதி வைத்தால்தான் அந்த எல்லையைத் தாண்டியதை நிரூபிக்க முடியும்.

டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் குடுவை விளக்கு எரிந்தால் அது ஆயில் அழுத்தம் போய்விட்டது என்ற எச்சரிக்கை. பக்கத்து ஊர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த இடத்திலேயே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியது வண்டியின் கணினியில் பதிவாகியிருக்கலாம்.

படி 9: காகிதக் கட்டு, அப்புறம் மறுத்தால்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போதும். ஒவ்வொரு சர்வீஸின் ஜாப் கார்டு, பில், மேனுவல் பக்கத்தின் நகல், வெளியே வாங்கிய ஆயிலின் பில், ஓடோமீட்டர் படம். வாட்ஸ்அப்பில் வரும் பில்லை நம்பி இருக்காதீர்கள். போன் மாறும்போது போய்விடும்.

என்ஜினில் கோளாறு வந்து, "ஆயில்தான் காரணம், வாரண்டி கிடையாது" என்று சொன்னால், முதலில் அதை எழுத்தில் கேளுங்கள்: எந்த நிபந்தனையின்படி, எந்த ஆயிலால், எந்தப் பாகத்துக்கு என்ன நடந்தது என்று. ஏசி வேலை செய்யவில்லை, ஸ்டீரியோ அணைந்துவிட்டது என்பதற்கெல்லாம் ஆயிலைக் காரணம் காட்டினால் அந்தக் கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிடும். என்ஜினைப் பிரிக்கும் முன் உங்கள் முன்னிலையில் ஆயிலை வடிக்கச் சொல்லி, இரண்டு சுத்தமான பாட்டிலில் மாதிரி எடுத்து, மூடி ஒட்டி, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வடித்துக் கொட்டிவிட்ட பிறகு எந்த ஆயில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கிளை மேலாளர், பிறகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு, மின்னஞ்சலில். அங்கும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே வழக்குப் போடலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சோதனை தேவைப்பட்டால் ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கையெழுத்தோடு மூடி வைத்த அந்த இரண்டாவது பாட்டிலை அதுவரை வெயில் படாமல் வையுங்கள்.